‘சந்தோஷமா இருக்கியா?’

கே: ஒன்பதாவது படிக்கும் மகளிடம் ‘மார்க் முக்கியமில்லை, எப்பவும் சந்தோஷமா இரு’ என்றே சொல்லி வளர்க்கிறேன். ஆனாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறாளே? (ஓர் அம்மா, திருச்சி)

ப: மார்க் வாங்கச் சொன்னால் வருஷத்துக்கு நாலு பரீட்சை. சந்தோஷமா இரு என்றால் தினம் பரீட்சை, அதுவும் வீட்டிலேயே.

கே: சந்தோஷத்துக்கு ஆசைப்படுவது தப்பா?

ப: 2011-ல் அமெரிக்காவில் ஐரிஸ் மாஸ் என்ற உளவியலாளரும் சகாக்களும், சில பெண்களுக்குச் சந்தோஷத்தின் மகிமை பேசும் கட்டுரை ஒன்றைப் படிக்கக் கொடுத்து, பிறகு படம் காட்டினார்கள். சோகப் படத்தில் வித்தியாசம் இல்லை. சந்தோஷப் படத்தில்தான், கட்டுரை படித்தவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாக மகிழ்ந்தார்கள். ‘இவ்வளவுதானா?’ என்ற ஏமாற்றம். சாவு வீட்டுச் சாப்பாட்டில் யாரும் குறை சொல்வதில்லை. கல்யாணப் பந்தியில்தானே சொல்கிறோம்! அந்தப் பெண்களாவது வளர்ந்தவர்கள். பதினாலு வயதில் ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்து பெஞ்ச் இருக்கிறது, இன்ஸ்டாகிராம் வேறு.

அதே மாஸ் குழு 2024-ல் இன்னும் நுணுக்கமாகப் பார்த்தது. ஆசையில் பழுதில்லை. ‘போதுமான அளவு சந்தோஷமாக இருக்கிறேனா?’ என்று ஓயாமல் கவலைப்படுகிறவர்களுக்குத்தான் மனநலம் குறைவாக இருந்தது. வெந்துவிட்டதா என்று நிமிஷத்துக்கொரு தரம் திறந்து பார்த்தால் ஆவி போகும், இட்லி வேகாது.

கே: இதெல்லாம் இந்தக் காலத்துப் பிள்ளைகளின் செல்போன் வியாதிதானே?

ப: 1826-ல், பின்னாளில் பெரிய தத்துவஞானியான இங்கிலாந்தின் ஜான் ஸ்டூவர்ட் மில்லுக்கு வயது 20. செல்போன் இல்லை. மகிழ்ச்சியே குறிக்கோள் என்ற தத்துவஞானி பெந்தாமின் கொள்கையை அப்பா ஊட்டி வளர்த்த பிள்ளை. ‘நினைத்ததெல்லாம் நடந்தால் சந்தோஷப்படுவாயா?’ என்று தன்னையே கேட்டார். ‘இல்லை’ என்று பதில் வந்தது. மாதக்கணக்கில் இருண்டு கிடந்தார்.

கே: எல்லா நாட்டிலும் இப்படித்தானா?

ப: இல்லை. 2015-ல் பிரெட் ஃபோர்டும் சகாக்களும் கல்லூரி மாணவர்களிடம் ஆராய்ந்தபோது, சந்தோஷத்தைத் துரத்தியவர்களுக்கு அமெரிக்காவில் நலம் குறைவு, ரஷ்யாவிலும் கிழக்காசியாவிலும் கூடுதல். அங்கே சந்தோஷம் என்றால் நாலு பேரோடு இருப்பது.

கே: மகளிடம் என்னதான் கேட்பது? (அதே அம்மா)

ப: ‘இன்னிக்கு யாரோட சாப்பிட்டே?’ போதும். ஆனால் தூக்கம், சாப்பாடு, சிநேகிதிகள் எல்லாம் இரண்டு வாரமாக விட்டுப்போயிருந்தால் எனக்கு எழுதிக்கொண்டிருக்காதீர்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி மானஸ் எண் 14416, கட்டணம் கிடையாது.