ஒரே ஒரு டவுட்டுங்க மேம்

ஆறாம் வகுப்புப் பெற்றோருக்கு ஓரியன்டேஷன் பத்து மணிக்கு என்றால், டவுட் அப்பா ஒன்பதரைக்கே வந்து முதல் வரிசையில் ஓரத்து நாற்காலியைப் பிடித்துவிடுவார். ஓர நாற்காலிக்குக் காரணம் உண்டு. மைக் அந்த வழியாகத்தான் வரும். அவர் கைக்கு வந்த மைக் அவ்வளவு சுலபத்தில் திரும்பிப் போகாது.

கோயம்புத்தூரில் எந்த சி.பி.எஸ்.இ. பள்ளிக்குப் போனாலும் இப்படி ஒருவரைப் பார்க்கலாம். ஓரிடத்தில் பம்ப்செட் கம்பெனி வைத்திருப்பார், ஓரிடத்தில் ஐ.டி.யில் இருப்பார். கையில் போன வருஷத்து டைரி, பக்கத்தில் மனைவி. பையன் எந்த செக்‌ஷன் என்பது மனைவிக்குத்தான் தெரியும்.

வகுப்பாசிரியை வணக்கம் சொல்லி, 'புதிய பாடத்திட்டம்' என்று முதல் ஸ்லைடைப் போட்டதுமே கை உயர்ந்துவிடும்.

"ஒரே ஒரு டவுட்டுங்க மேம்."

ஒன்று என்ற எண்ணுக்கு அவர் கணக்கில் மதிப்பு வேறு. அது போக, டவுட் நேராகவும் வராது. "நாங்கெல்லாம் படிக்கறப்போ" என்று தொடங்கி, பதினாறாம் வாய்ப்பாடு, ஹெட்மாஸ்டர் பிரம்பு, மூன்று கிலோமீட்டர் நடை எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டுதான் வந்து சேரும். அதற்குள் பின்வரிசையில் இரண்டு பேர் தூங்கிவிட்டிருப்பார்கள். தூங்குகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். சனிக்கிழமைக் காலை அது.

ஆசிரியை பொறுமையாகச் சொல்கிறார். 2024-இல் ஆறாம் வகுப்புக்கு என்.சி.இ.ஆர்.டி. புதுப் புத்தகங்கள் கொண்டுவந்தது. வரலாறு, புவியியல், குடிமையியல் என்று மூன்றாக இருந்த சமூக அறிவியல் இப்போது ஒரே புத்தகம். கணக்குப் புத்தகத்தின் பெயர் 'கணித பிரகாஷ்'.

"மூணு ஒண்ணாயிருச்சுன்னா போர்ஷன் குறைஞ்சு போச்சுங்களா? அப்படிக் குறைஞ்சா நாளைக்கு நீட்டுக்கு ஆவாதுங்களே?"

பையனுக்குப் பதினொரு வயது. டாக்டராவதா, கிரிக்கெட் ஆடுவதா, ஐஸ்கிரீம் வண்டி வைப்பதா என்று அவனே இன்னும் முடிவு செய்யவில்லை. மூன்றாவதில்தான் நாட்டம் அதிகம் என்று கேள்வி.

அடுத்த ஸ்லைடு புத்தகப்பை. தேசியப் புத்தகப்பைக் கொள்கை 2020-இல் வந்தது. பையின் எடை பிள்ளையின் எடையில் பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. இந்த இடத்துக்காகவே டவுட் அப்பா ஆயத்தமாக வந்திருப்பார். விமானப் பயணத்துக்குப் பெட்டியை எடை பார்க்கிற கொக்கித் தராசு ஒன்றைப் பாக்கெட்டிலிருந்து எடுக்கிறார். காலடியில் இருந்த பையனின் பையை அதில் மாட்டி, மூச்சைப் பிடித்துத் தூக்கி, சபைக்கே தெரியும்படி திருப்பிக் காட்டுகிறார்.

"ஆறே கால் கிலோங்க! பையனே முப்பத்து நாலு கிலோதானுங்க. இதுக்கென்ன சொல்றீங்க?"

சபையில் சலசலப்பு. சரியான கேள்விதான், நானும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆசிரியை வந்து பையைத் திறந்தார். இரண்டு லிட்டர் எவர்சில்வர் தண்ணீர் பாட்டில் ஒன்று. ஒலிம்பியாட் கைடு, செங்கல் கனம். ஐ.ஐ.டி. ஃபவுண்டேஷன் புத்தகம் இரண்டு. ஒரு அபாகஸ்.

"பள்ளிக்கூடத்துல கொடுத்த டைம்டேபிள்ல இதெல்லாம் இல்லையே சார்?"

"அது நான் வெச்சதுங்க. லஞ்ச் டைம்ல சும்மாதானே இருப்பான்னு..."

மனைவி கூரையில் சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அதே கொள்கைப்படி, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடம் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. "ஒரு மணி நேரம் போதுமுங்களா?" வருஷத்துக்குப் பத்து நாள் பை இல்லாமல் வந்து கைத்தொழில் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும். "அந்தப் பத்து நாளைக்கு வேன் ஃபீஸ்ல குறைப்பீங்களா?" தொழிற்கல்விக்கு 'கௌஷல் போத்' என்று தனிப் புத்தகம் வந்திருக்கிறது. அதில் பள்ளித் தோட்டம் போடுவது, அடுப்பில்லாமல் சமைப்பது எல்லாம் செய்முறை.

இதற்கு டவுட் அப்பா எழுந்தே நின்றுவிட்டார். "லட்ச ரூபாய் கட்டிப் படிக்க வெக்கறது பாத்தி கட்டவா மேம்?"

"கட்டட்டுமுங்க. கடைக்கு அனுப்பினா கொத்தமல்லிக்குப் பதிலா புதினா வாங்கிட்டு வர்றான்" என்றது பின்னால் ஒரு பெண் குரல். "அவங்கப்பாவும் அப்படித்தான்" என்றது இன்னொரு குரல். அன்றைக்குச் சபை முதல் முறையாக ஒன்றாகச் சிரித்தது.

கணக்கு ஆசிரியை மைக்கை வாங்கினார். நரைத்த தலை, இந்த ரகத்தில் பலரைப் பார்த்தவர். "கணக்குல ஐ.ஐ.டி. லெவலுக்கு ஏதாவது இருக்குங்களா மேம்? பேட்டர்ன், விளையாட்டுன்னு போட்டிருக்குது" என்று டவுட் அப்பா தொடங்க, அவர் பதிலே சொல்லாமல் கேட்டார்: "உங்க கார் நம்பர் என்னங்க சார்?"

"3524."

"அந்த நாலு இலக்கத்தையும் வெச்சுப் பெரிய எண் எழுதுங்க. அதே இலக்கத்துல சின்ன எண்ணையும் எழுதிக் கழிங்க."

ஃபீஸ் ரசீதின் பின்பக்கத்தில் எழுதினார். 5432-இல் 2345 போக 3087. "இதையும் அதே மாதிரி பண்ணுங்க." 8730-இல் 378 போக 8352. இன்னொரு தடவை, 8532-இல் 2358 போக 6174. "இன்னும் ஒரு தடவை." 7641-இல் 1467 போக மறுபடியும் 6174. அடுத்த தடவையும் அதேதான். இனி அது நகராது.

நான்கும் ஒரே இலக்கமாக இல்லாத எந்த நான்கிலக்க எண்ணை எடுத்தாலும், ஏழு கழித்தலுக்குள் இங்கே வந்து நின்றுவிடும் என்றார் ஆசிரியை. இதைக் கண்டுபிடித்த கப்ரேக்கர் மகாராஷ்டிரத்தின் தேவ்லாலியில் பள்ளி வாத்தியார். சென்னையில் 1949-இல் நடந்த கணித மாநாட்டில்தான் இதை அறிவித்தார். ஆறாம் வகுப்புப் புத்தகத்தில் மூன்றாம் பாடத்தில் இருக்கிறது.

அதன் பிறகு நடந்ததுதான் அதிசயம். மதிப்பெண் ஸ்லைடு வந்தது. எழுத்துத் தேர்வுக்கு 80, உள்மதிப்பீட்டுக்கு 20. சண்டை போடுவதற்கென்றே செய்த ஸ்லைடு அது. டவுட் அப்பா தலை நிமிரவில்லை. மனைவியின் ஸ்கூட்டி நம்பரைக் கழித்துக்கொண்டிருந்தார். அது முடிந்ததும் மாமனாரின் பழைய பைக் நம்பர். நடுவில் கடன் வாங்குவதில் தகராறு வந்து, பக்கத்து நாற்காலிக்காரரின் கால்குலேட்டரைக் கேட்டார். பிரின்சிபால் பல வருஷ அனுபவத்தில் காணாத அமைதி. ஸ்லைடுகள் சரசரவென்று ஓடின. யூனிஃபார்ம், லீவ் லெட்டர், நோட்டுக்கு பிரவுன் அட்டை, வேன் தாமதம். அமைதி கலைவதற்குள் முடித்துவிட வேண்டும் என்பது எல்லார் முகத்திலும் தெரிந்தது.

முடிக்கும்போது வகுப்பாசிரியை சொன்னார். "இப்ப நான் ஒரு கேள்வி கேக்கறேன். பை இல்லாத நாள்ல குழந்தைங்களைச் சிறுமுகைக்குக் கூட்டிட்டுப் போறோம், கைத்தறி நெசவு பார்க்க. ஐம்பது பேர். கூட வர்றதுக்கு ரெண்டு பேரன்ட்ஸ் வேணும். யார் வர்றீங்க?"

டவுட் அப்பா சட்டென்று போனைக் காதில் வைத்துக்கொண்டார். திரை அணைந்துதான் இருந்தது. "ஹலோ, சொல்லுங்க, சொல்லுங்க, இல்லைங்க மீட்டிங்லதான்..." என்று சொல்லிக்கொண்டே வாசல் பக்கம் நழுவினார்.

பேர் எழுதும் தாள் வரிசையாக வந்தது. அவருடைய மனைவி அதை வாங்கி, நாற்காலியில் அவர் விட்டுப்போன பேனாவால் முதல் வரியில் கணவர் பெயரை எழுதினார். மொபைல் நம்பரையும் எழுதினார். ஒரு நிமிஷம் யோசித்து, 'எல்லாப் பத்து நாளும்' என்று பக்கத்தில் சேர்த்துவிட்டுத் தாளைப் பின்வரிசைக்குக் கொடுத்தார்.