நாள் தள்ளிப்போன ஜூலிக்கு ஊசி போடுவது எப்படி?

முதலில் தினசரி காலண்டரை எடுங்கள். உங்கள் நாய் ஜூலிக்கு கிராஸிங் விட்ட நாளிலிருந்து 63 எண்ணி வட்டம் போடுங்கள். அந்த 63 கருமுட்டை வெளியான நாளிலிருந்து எண்ண வேண்டியது, ஆண் நாயின் விந்தணு உள்ளே பல நாள் உயிரோடு இருக்கும், ஆகவே இணை சேர்ந்த நாளிலிருந்து எண்ணினால் 58 முதல் 72 வரை எதுவும் நடக்கலாம் என்றெல்லாம் டாக்டர் சொல்வார். சொல்லட்டும். குட்டிக்கு அட்வான்ஸ் வாங்கியவர் அவரா, நீங்களா?

மறுநாளும் குட்டி வரவில்லையென்றால் மெடிக்கல் ஷாப்புக்குப் போய், "அண்ணே, ஆக்சிடோசின் ஒண்ணு" என்று குரலைத் தாழ்த்திக் கேளுங்கள். சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்து. கறவை மாட்டுக்குப் போட்டுப் பாலைக் கறக்கிறார்கள் என்ற புகாரில், தனியார் கம்பெனிகள் உள்நாட்டு விற்பனைக்கு அதைத் தயாரிக்க 2018-இல் மத்திய அரசு தடையே போட்டது. பிரசவத்தில் ரத்தப்போக்கை நிறுத்தப் பெண்களுக்குத் தேவைப்படும் மருந்து என்பதால், அந்த டிசம்பரிலேயே டெல்லி உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. இவ்வளவு வரலாறு உள்ள மருந்தை பனியன் பையில் போட்டு வெயிலில் எடுத்து வாருங்கள். ஃபிரிட்ஜில் வைக்க வேண்டியதென்று யாராவது சொன்னால் சிரித்துவிடுங்கள்.

அளவு? கால்நடை டாக்டர் நாயின் எடையைப் பார்த்து, யூனிட் கணக்கில் துளியாக அளப்பார். நீங்கள் ஆம்பூலை முழுசாக ஏற்றுங்கள், காசு கொடுத்ததாயிற்றே. கருப்பை வாய் திறந்திருக்கிறதா, குட்டி குறுக்கே கிடக்கிறதா என்று பார்க்கும் வழக்கமெல்லாம் படித்தவர்களுக்கு. கருப்பை இறுகும்; இறுகியது தளராது. நஞ்சுக்கொடி பிரியும், உள்ளிருக்கும் குட்டிகளுக்கு ஆக்சிஜன் நிற்கும். வழி அடைத்திருந்தால் கருப்பையே கிழியும். பூட்டிய கதவைப் பின்னாலிருந்து தள்ளும் வேலைதான் இது. ஒருவேளை தப்பித்து நாலைந்து நாள் முன்னதாகவே குட்டிகள் வெளியே வந்துவிட்டால், மூச்சுவிடப் பழுக்காத நுரையீரலோடு வரும். அட்வான்ஸ் கொடுத்தவரிடம் அதை நீங்களே விளக்கிக்கொள்ளலாம்.

தெர்மாமீட்டர் மட்டும் வாங்கிவிடாதீர்கள். ஊசியைவிட விலை அதிகம். தவிர, அதை வாங்கினால் காலண்டருக்கு மரியாதை போய்விடும். கடைசி வாரத்தில் காலையும் மாலையும் ஆசனவாயில் வைத்துப் பார்த்தால், வழக்கமாக 101, 102 டிகிரி காட்டுவது ஒரு நாள் 99-க்குக் கீழே இறங்கும். கர்ப்பத்தைத் தாங்கும் ஹார்மோனான புரொஜெஸ்டிரோன் விழுந்துவிட்டது என்று பொருள். பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் வலி எடுக்கும். பழைய துணியைக் குதறி மூலையில் சேர்ப்பாள், சோற்றைத் திரும்பிப் பார்க்க மாட்டாள். தேதியை அவளே சொல்லிவிட்டால் வீட்டுத் தலைவர் எதற்கு?

நாய்க்குப் பிரசவத்தைத் தூண்ட வழியே இல்லையா என்றால், இருக்கிறது. புரொஜெஸ்டிரோனை மறிக்கும் அக்லெப்ரிஸ்டோன் என்ற மருந்தை ஐரோப்பாவில் டாக்டர்கள் பக்கத்திலிருந்து கண்காணித்துப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அதற்கும் கருமுட்டை வெளியான நாள் துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும். உங்களிடம் இருப்பது காலண்டர் வட்டம்.

புல்டாக், பிரெஞ்சு புல்டாக் வைத்திருப்பவர்கள் இதையெல்லாம் படித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். பிரிட்டனில் கணக்கெடுத்தபோது அந்த இனங்களில் 80 சதவீதத்துக்கு மேல் சிசேரியன்தான். பெரிய தலை, குறுகிய இடுப்பு. எந்த ஊசியும் அதை மாற்றாது.

இனி கேலியில்லை. முதல் குட்டி வருவதற்கு முன்பே கரும்பச்சையாக நீர் வடிந்தாலும், அரை மணி நேரம் பலமாக முக்கியும் குட்டி வராவிட்டாலும், உள்ளே குட்டி இருக்கும்போதே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விழுந்தாலும் அது அவசரம். நாள் தள்ளிப்போன சந்தேகம் மட்டும் என்றால், ஸ்கேனில் குட்டிகளின் இதயத் துடிப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். நிமிடத்துக்கு 200-க்கு மேல் இருந்தால் நிம்மதி, 180-க்குக் கீழேயே நின்றால் ஆபத்து. காத்திருப்பதா, கால்சியமா, ஆக்சிடோசினா, ஆபரேஷனா என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். இரவில் யார் போனை எடுப்பார் என்பதை இன்றே விசாரித்து வையுங்கள். மெடிக்கல் ஷாப்புக்கு ஓடாதீர்கள். ஜூலியைத் தூக்கி வண்டியில் போடுங்கள்.