பச்சை மைத் தலைவர்

பச்சை மையில் கையெழுத்துப் போடுவது அரசிதழ் பதிவு பெற்ற அலுவலர்களின் வழக்கம். நம் தலைவர் அரசிதழைக் கண்ணால்கூடப் பார்த்தவரல்ல. ஆனாலும் சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா இருக்கும். நீலம் வீட்டுக்கு, பச்சை சங்கத்துக்கு. மளிகைச் சீட்டில் தவறிப்போய் ஒருநாள் பச்சை விழுந்துவிட்டது. கடைக்காரர் துவரம்பருப்பை முழு எடை போட்டுக் கொடுத்தாராம். அன்றிலிருந்து அந்த மையின் மேல் தலைவருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை.

சோளிங்கர், ஆர்க்காடு, குடியாத்தம், ஆம்பூர் என்று இந்தப் பக்கத்தில் எந்த ஊர்க் கூட்டுறவு வீடு கட்டும் சங்கத்துக்குப் போனாலும் இவரைப் பார்க்கலாம். என்னைத்தான் எழுதியிருக்கிறான் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஏழெட்டுப் பேரைச் சேர்த்துப் பிசைந்த உருண்டை இவர். இந்த இனத்தில் பாதிப் பேர் ஓய்வுபெற்ற வாத்தியார்கள். மீதிப் பேர் லுங்கி வியாபாரம் பார்த்தவர்கள், இல்லையென்றால் பிரேக்ஸ் இந்தியா வார்ப்பாலையில் ஷிப்டு பார்த்து வெளியே வந்தவர்கள். நம்மவர் சோளிங்கர்க்காரர், ராணிப்பேட்டைத் தோல் கம்பெனியில் கணக்கு வேலை பார்த்தவர். வாழ்நாளெல்லாம் தோலோடு கிடந்த மனிதர் கையில் வைத்திருப்பது ரெக்சின் பை.

அந்தப் பைக்குள் லெட்டர் பேடு, ரப்பர் ஸ்டாம்பு, மை காய்ந்துபோன ஸ்டாம்பு பேடு, அப்புறம் 1983ஆம் வருஷத்துத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம். சட்டப் புத்தகத்துக்குக் காலண்டர் தாளில் அட்டை போட்டிருப்பார். சட்டம் இயற்றியது 1983இல் என்றாலும் நடைமுறைக்கு வந்தது 1988 ஏப்ரலில்தான். தலைவருக்கு ரொம்பப் பிடித்த வரலாற்றுச் செய்தி இது. லேஅவுட்டுக்குத் தார் ரோடு எப்போ வரும் என்று யார் கேட்டாலும், "சட்டம் வர்றதுக்கே அஞ்சு வருஷம் ஆச்சுப்பா" என்பார். 2024 மார்ச்சில் சோளிங்கர்ப் பெரியமலைக்கு ரோப் கார் வந்த பிறகு இன்னொரு பதிலும் சேர்ந்துகொண்டது. "பெரியமலைக்கு ரோப் கார் வராது வராதுன்னாங்களே, வந்துச்சா இல்லியா? ரோடும் வரும்."

சம்பளம் உண்டா என்றால் கிடையாது. கூட்டத்துக்கு வந்தால் அமர்வுப்படி என்று ஒரு சிறு தொகை கிடைக்கும். அதுவும் அன்றைக்கே எதிர்க் கடையில் பஜ்ஜியாக மாறிவிடும். ஆனால் சட்டத்தில் 87 என்று ஒரு பிரிவு இருக்கிறது. சங்கத்துக்கு நட்டம் வந்து, அதற்கு இவர் கையாடலோ அசட்டையோ காரணம் என்று விசாரணையில் தெரிந்தால் தண்டத்தீர்வை போடுவார்கள். அதைச் சொந்தப் பணத்திலிருந்து கட்ட வேண்டும். சட்டப் புத்தகத்தில் எண்ணெய்ப் பிசுக்கு அதிகமாக ஏறியிருக்கும் பக்கம் அதுதான். அவர் வீட்டு அம்மாவுக்குச் சட்டம் தெரியாது, ஆனால் சாரம் தெரியும்.

"சம்பளம் கெடையாது, தண்டம் மட்டும் உண்டு. இப்டி ஒரு உத்தியோகம் உலகத்துல எங்கனா கீதா?"

"கௌரவம்டி, கௌரவம்."

"அத்த குக்கர்ல போட்டா எத்தினி விசில் வுடணும்?"

ஊருக்கோ வேறு சந்தேகம். சங்கத்துப் பணத்தில்தான் மாடி எடுத்திருக்கிறார் என்று பேச்சு. அந்த மாடியின் கைப்பிடிச் சுவருக்கு இன்னும் பூச்சு வேலை முடியவில்லை என்பதை யாரும் பார்ப்பதில்லை. "மாசம் எவ்ளோ தேறும் தலைவரே?" என்று டீக்கடையில் கண்ணடித்துக் கேட்பார்கள். தலைவர் கோபப்படுவார். கொஞ்சம் கூர்ந்து பார்த்தால் மீசைக்குக் கீழே ஒரு திருப்தியும் தெரியும். நினைத்தால் அடிக்கக்கூடிய இடத்தில் இருக்கிறோம் என்று ஊரே ஒப்புக்கொள்வது சும்மா கிடைக்கிற பெருமையா?

தலைவரை முழு உருவில் பார்க்க வேண்டுமானால் பொதுப்பேரவைக் கூட்டத்துக்கு வந்திருக்க வேண்டும்.

காலை பத்து மணிக்குக் கூட்டம் என்று நோட்டீஸ். பத்தரைக்குத் தலைவரும் செயலரும் இருப்பார்கள். பதினொன்றுக்கு லட்டு, காராபூந்தி, வாழைப்பழம் போட்ட பொட்டலங்கள் வந்து இறங்கும். அதன் பிறகு உறுப்பினர்கள் வருவார்கள். குறைவெண் வரம்பு (கோரம்) என்று சட்டம் சொல்வதைச் சோளிங்கரில் காராபூந்தி வரம்பு என்று வைத்துக்கொள்ளலாம். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து முதலில், பொட்டலம் அப்புறம். இந்த வரிசையை மாற்றிப்போட்ட ஒரு வருஷம் கையெழுத்துக்கு ஆளே இல்லை.

தலைவர் உரை 1844இல் ஆரம்பிக்கும். இங்கிலாந்தில் ராக்டேல் என்ற ஊரில் நெசவாளர் முதலான 28 பேர் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டுக் கடை வைத்த கதை. "நம்பள மாதிரி தறிக்காரங்கோதான்" என்று அவர் சொல்லும்போது, ராக்டேல் ஏதோ ஆர்.கே.பேட்டைக்கு அடுத்த ஸ்டாப்பிங் என்றே தோன்றும். அங்கிருந்து 1904ஆம் வருஷத்துக் கூட்டுறவுச் சட்டம், அதே வருஷம் தொடங்கிய திருவல்லிக்கேணிக் கூட்டுறவுச் சங்கம், பிறகு 1909இல் பெங்களூரில் ஆரம்பித்த வீடு கட்டும் சங்கம். சோளிங்கர் மலையில் ஒரு கடிகை நேரம், அதாவது 24 நிமிடம், தங்கினாலே மோட்சம் என்பது தலத்தின் நம்பிக்கை. தலைவரின் கூட்டத்தில் 24 நிமிடம் உட்கார்ந்தால் பெங்களூர் வரைக்கும்தான் போக முடியும். தணிக்கை அறிக்கைக்கு இன்னும் நூறு வருஷம் பாக்கி இருக்கும்.

எல்லாச் சங்கத்திலும் ஓர் எதிர்க்கட்சி இருக்கும். இங்கே அவர் ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர். வரவு செலவு அறிக்கையைச் சிவப்புப் பேனாவால் கோடு போட்டுக்கொண்டு வருவார். பச்சைக்கும் சிவப்புக்கும் பல வருஷப் பகை.

"பக்கம் நாலு, ஐட்டம் ஒம்பது. சிற்றுண்டிச் செலவு போன வருஷத்தைவிட எப்படி ஏறுச்சு?"

"காராபூந்தி வெல ஏறிச்சு."

"உறுப்பினர் வருகை கொறஞ்சிருக்கே?"

"வந்தவங்கோ ரெண்டு பொட்டலம் எடுத்துனு போறாங்கோ. நீங்ககூட..."

அவ்வளவுதான், கூட்டம் களை கட்டும். இந்தக் கலவரத்துக்கு நடுவே செயலர் பதினாறு தீர்மானங்களை மூச்சு விடாமல் வாசித்துவிடுவார். "நிறைவேற்றலாமா?" என்றதும் வாய் நிறைய லட்டோடு "நிறைவேத்தலாம்!" என்று குரல் வரும். முன்மொழிந்தவர் யார், வழிமொழிந்தவர் யார் என்பது மறுநாள் நிதானமாக யோசித்து எழுதப்படும்.

இயக்குநர் குழுவில் பெண்களுக்கு இடம் உண்டு. நடப்பில் அந்த இடத்தில் அவர்களுடைய வீட்டுக்காரர்கள் வந்து உட்காருவார்கள். தீர்மானப் புத்தகம் மட்டும் வீட்டுக்குப் போய்க் கையெழுத்து வாங்கிக்கொண்டு வரும். ஒரு மாதம் ஒரு வீட்டுக்காரர் சபரிமலைக்குப் போய்விட்டார். அந்த அம்மாவே கூட்டத்துக்கு வந்தார். சுவரில் தொங்கிய லேஅவுட் வரைபடத்தை டீ ஆறும்வரை பார்த்தார். "இதுல பார்க்குன்னு போட்டுகீதே, அந்த எடத்துல இப்ப புள்ளையார் கீறாரே?" என்று கேட்டார். அங்கிருந்த ஆண்கள் அத்தனை பேரும் பஜ்ஜியைப் பார்த்தார்கள்.

பெரிய லேஅவுட் போட்டால் சாலை போக மீதி நிலத்தில் பத்தில் ஒரு பங்கைப் பொதுத் திறந்தவெளியாக விட வேண்டும். விட்டால் என்ன ஆகும் என்பது தமிழ்நாட்டில் எல்லாருக்கும் தெரியும். ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி பிள்ளையார் வருவார். அடுத்த வாரம் தகரக் கூரை, அதற்கடுத்த வாரம் ரசீதுப் புத்தகம். தலைவர் கார்த்திகை ஞாயிறுகளில் பெரியமலையின் 1305 படியும் கால்நடையாக ஏறி யோக நரசிம்மரைச் சேவிக்கிறவர். ரோப் கார் வந்த பிறகும் படிதான். அவரை நாத்திகர் என்று சொல்லிவிட முடியாது. வரைபடத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பூங்காவுக்குப் போனார். தேங்காய் உடைத்தார், கற்பூரம் காட்டினார், கன்னத்தில் போட்டுக்கொண்டார். திரும்பி, கூரை போட்ட இளைஞர்களைப் பார்த்து, "சாமி சக்தி உள்ள சாமிதான். ஆனா டிடிசிபி அப்ரூவல் இல்லியேப்பா" என்றார்.

பஞ்சாயத்து மூன்று மாதம் ஓடியது. கடைசியில் ஏரிக்கரை அரசமரத்தடிக்குப் பிள்ளையார் மேளதாளத்தோடு குடிபோனார். மேளத்துக்குக் காசு தலைவருடையது. அங்கே ஒரு கல் பதித்தார்கள். கல்லில் தலைவர் பெயர் பிள்ளையாரின் பெயரைவிட ஒரு சுற்றுப் பெரிதாக இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும். பூங்கா பூங்காவாகவே இருக்கிறது. இப்போது அதில் சோளிங்கர்க் குரங்குகள் விளையாடுகின்றன. பிள்ளைகளும் முறை வைத்து விளையாடுகிறார்கள்.

வீடு என்ற சொல் காதில் விழுந்தாலே இவரிடம் வந்துவிடுகிறவர்கள் இன்றைக்கும் உண்டு. கலைஞர் கனவு இல்லத்துக்கு மனு கொடுக்க வருவார்கள். 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்ச ரூபாய் கொடுக்கும் அந்தத் திட்டத்துக்கும் இந்தச் சங்கத்துக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை, அது ஊராட்சி வழியாகப் போக வேண்டியது. "அது நம்ம டிபார்ட்மெண்ட் இல்லம்மா" என்று சொல்ல அவருக்கு வாய் வராது. மனுவை வாங்கி, ஓரத்தில் பச்சையில் 'பரிந்துரைக்கப்படுகிறது' என்று எழுதி, வண்டியை எடுத்துக்கொண்டு ஊராட்சி அலுவலகம்வரை கூடப் போவார். அங்கே அந்தப் பச்சையை யாரும் மதிப்பதில்லை. கூட வந்திருக்கும் மனிதரை மதித்து ஒரு நாற்காலி போடுவார்கள். மனு கொடுக்க வந்த அம்மாவுக்கும் ஒன்று.

சங்கத்தின் உள்ளறையில் ஓர் இரும்புப் பெட்டி இருக்கிறது. கடன் வாங்கியவர்களின் மூலப் பத்திரங்கள் அதற்குள். மாநில வீட்டுவசதி இணையம் எல்.ஐ.சி., ஹட்கோ போன்ற இடங்களில் கடன் வாங்கியது, இணையத்திடம் ஊர்ச் சங்கம் வாங்கியது, சங்கத்திடம் உறுப்பினர் வாங்கினார். தவணை மட்டும் கீழிருந்து மேலே போக வேண்டியிருந்தது. தறி நின்றது, தோல் கம்பெனி மூடியது, மகள் கல்யாணம் என்று பல பேருடையது பாதி வழியில் நின்றுபோனது. வட்டிக்கு மேல் அபராத வட்டி ஏறியது. அரசு அவ்வப்போது அபராத வட்டியைத் தள்ளுபடி செய்யும்போது தலைவர் தண்டோரா போடாத குறையாகத் தெருத் தெருவாகச் சுற்றுவார். அப்போது அவரைக் கண்டதும் கதவைச் சாத்துவார்கள். வசூலுக்கு வந்திருக்கிறார் என்று பயம்.

ஒரு முறை, கணவர் வாங்கிய கடனை அவர் இறந்த பிறகு பீடி சுற்றிக் கட்டி முடித்த ஒரு பாட்டி வந்தார். பணம் கட்டியாயிற்று, பத்திரத்தைக் கொடுத்தால் முடிந்தது என்று பாட்டி நினைத்திருந்தார். முடியாது. கடன் தீர்ந்ததற்கு ரசீது ஆவணம் எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். பதியாவிட்டால் வில்லங்கச் சான்றில் அடமானம் அப்படியே நிற்கும். பேரன் காலத்தில் வீட்டை விற்கப் போகும்போது பூதம் கிளம்பும். தலைவர் பாட்டியைத் தன் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் உட்கார வைத்துக் கூட்டிப்போனார். செயலரும் வந்தார். நாள் முழுக்கக் காத்திருந்து பதிந்தார்கள். சாயங்காலம் பத்திரத்தைக் கையில் கொடுத்தபோது தலைவர் ஒரு சொற்பொழிவுக்குத் தொண்டையைச் செருமினார். ராக்டேலில் ஆரம்பித்திருப்பார். பாட்டி முந்திக்கொண்டார்.

"நைனா, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

அன்றைக்கு அவர் பேசாமலே வீடு திரும்பினார். சோறு நன்றாக இறங்கியது என்று வீட்டு அம்மா சொன்னார்.

2018இல் தேர்வான குழுக்களின் ஐந்து வருஷப் பதவிக்காலம் 2023இல் முடிந்துபோனது. நிர்வாகம் அரசு அலுவலர் கைக்குப் போனது. அவருக்குப் பல சங்கங்கள் பொறுப்பு. தணிக்கை அறிக்கையை அவர் முதல் நிமிடத்திலேயே படிக்கிறார், சிற்றுண்டிச் செலவு குறைந்திருக்கிறது, கூட்டம் கடிகைக்குள் முடிகிறது. முன்னாள் கிராம நிர்வாக அலுவலருக்குத்தான் சிவப்புப் பேனாவை யாரிடம் காட்டுவது என்று தெரியவில்லை. போன மாதம் அவரே பச்சை மைக்காரரைத் தேடி வந்து, "தேர்தல் வெச்சா நில்லுய்யா, ஒன்ன தோக்கடிக்கணும்" என்றார்.

தலைவரின் விசிட்டிங் கார்டில் இப்போது 'முன்னாள்' என்று சேர்த்திருக்கிறார், கண்ணாடி போட்டால் தெரிகிற அளவில். தினமும் பதினோரு மணிக்குச் சங்கத்துக்கு எதிர் டீக்கடையில் இருப்பார். உங்கள் அப்பாவோ தாத்தாவோ இப்படி ஒரு சங்கத்தில் வீட்டுக்கடன் வாங்கியிருந்தால், ஒரு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள், ரசீது பதிவாகியிருக்கிறதா என்று. பதிவாகவில்லை என்றால் நேரே அந்த டீக்கடைக்குப் போங்கள். எந்த அறையில் எந்தத் தாள், யாரைப் பார்ப்பது என்று எல்லாம் சொல்வார். டீக்குக் காசு அவர்தான் கொடுப்பார். நீங்கள் கொடுக்கப் போனால் கோபம் வரும்.