உல்லாசக் கப்பலும் ஐந்திணையும்: ஒரு தேர்வியல் ஆய்வு

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக வைத்து மனித மனத்தை ஐந்திணையாக வகுத்துத் தந்த தொல்காப்பியர், உல்லாசக் கப்பலில் எந்தக் கடலுக்குப் போகலாம் என்பது பற்றி ஒரு நூற்பாகூடச் செய்யவில்லை. எதற்கும் ஒரு விளக்கம் கைவசம் வைத்திருக்கும் உரையாசிரியர் நச்சினார்க்கினியரும் இங்கே வாய் திறக்கவில்லை. இதன் விளைவை இன்று சாப்பாட்டு மேசைகளில் காணலாம். அப்பாவுக்கு அலாஸ்கா. அம்மாவுக்கு சாண்டோரினி. பிள்ளைகளுக்கு எந்தக் கப்பலில் சறுக்குக் குழாய் அதிகமோ அந்தக் கடல். தாத்தாவுக்கு எந்தக் கடலானாலும் சரி, தயிர்சாதம் கிடைத்தால் போதும்.

இலக்கணம் இல்லாததால் வந்த இந்த இழுபறியைத் தீர்ப்பதே இவ்வாய்வின் நோக்கம். கருதுகோள் ஒன்றுதான்: பயணி தாமே கடலைத் தேர்ந்தெடுப்பதாக நம்புகிறார். பனிப்பாறை, புயல், அரதப் பழசான ஒரு சட்டம், நகராட்சித் தீர்மானம் ஆகிய நான்கும் கூடி எப்போதோ முடிவு செய்துவிட்ட கடலுக்கு அவர் முன்பணம் கட்டுகிறார், அவ்வளவே.

முன்னோர் செய்த ஆய்வு

இத்துறையின் மூலநூல் ஒரு பொய் விளம்பரம். ஷெட்லாந்து தீவுக்காரரான ஆர்தர் ஆண்டர்சன் 1835-ல் தம் பத்திரிகையின் மாதிரி இதழில், ஐஸ்லாந்தையும் ஃபாரோ தீவுகளையும் சுற்றிவரும் உல்லாசப் பயணத்துக்கு விளம்பரம் போட்டார். கப்பலும் கிடையாது, பயணமும் கிடையாது. இதே ஆண்டர்சன்தான் பின்னாளில் பி அண்ட் ஓ கப்பல் கம்பெனியின் நிறுவனர்களில் ஒருவரானார். 1844-ல் அந்தக் கம்பெனி நாவலாசிரியர் தாக்கரேக்கு ஓசி டிக்கெட் கொடுத்து மத்தியதரைக் கடலுக்கு அனுப்பியது. அவரும் நன்றி மறக்காமல் 1846-ல் டிட்மார்ஷ் என்ற புனைபெயரில் பயண நூல் எழுதி, அதைக் கம்பெனியின் கேப்டன் ஒருவருக்கே சமர்ப்பணம் செய்தார். இலவசமாகப் போய்வந்து புகழ்ந்து வீடியோ போடும் இன்றைய மரபுக்கு இவரே முதலாசிரியர் என்க.

1867-ல் நியூயார்க்கிலிருந்து புறப்பட்ட 'குவேக்கர் சிட்டி' கப்பலில் ஒரு சீட்டின் விலை 1,250 டாலர். ஜெனரல் ஷெர்மனும், புகழ்பெற்ற பிரசங்கி ஹென்றி வார்ட் பீச்சரும் உடன் வருவார்கள் என்று சொல்லி ஆள் சேர்த்தார்கள். இருவருமே வரவில்லை. வந்தவர் மார்க் ட்வைன். அவர் எழுதிய புத்தகத்துக்குப் பிறகு, வராமல் போன இருவரும் புத்திசாலிகள் என்ற கருத்து வலுப்பெற்றது.

கருதுகோளுக்கு வலுவான சான்று தருபவர் ஜெர்மனியின் ஆல்பர்ட் பாலின். குளிர்காலத்தில் அட்லாண்டிக்கைக் கடக்க ஆள் குறைவு. துறைமுகத்தில் சும்மா நின்றாலும் கப்பலுக்குச் செலவு நிற்பதில்லை. எனவே 1891 ஜனவரியில் 'அகஸ்டா விக்டோரியா'வை அவர் மத்தியதரைக் கடல் சுற்றுலாவுக்கு அனுப்பினார். அந்தக் கடலைத் தேர்ந்தது பயணிகளின் ரசனையா எனின், அன்று. காலியாகக் கிடந்த அறைகள்.

குறிஞ்சி: அலாஸ்கா

மலையும் மலை சார்ந்த இடமும். பெரும்பொழுது, ஏறக்குறைய மே முதல் செப்டம்பர் வரை. குறிஞ்சிக்குரிய சிறுபொழுதான யாமம்தான் இங்கே சிக்கல்: ஜூன் மாதம் அலாஸ்காவின் ஜூனோ நகரில் சூரியன் மறையவே இரவு பத்து மணி ஆகிவிடும். கருப்பொருள்: திமிங்கிலம், வெண்தலைக் கழுகு, சால்மன் மீன், பனியாறு. உரிப்பொருள் புணர்தல், அதாவது பயணியும் திமிங்கிலமும் சந்திப்பது. களவொழுக்கத்தில் தலைவி வருவாளா மாட்டாளா என்று காத்து நின்றவனின் தவிப்பை, கையில் பைனாகுலரோடு மேல்தளத்தில் நிற்பவர் முகத்தில் காணலாம்.

சியாட்டிலில் ஏறி, அலாஸ்கா பார்த்து, சியாட்டிலிலேயே இறங்கும் பயணத்தில் கனடாவின் விக்டோரியா துறைமுகம் எதற்கு நடுவில் வருகிறது என்று பலர் கேட்பதில்லை. கப்பல் பல வேளைகளில் சாயங்காலம் அங்கே போய்ச் சேர்ந்து, சில மணி நேரத்தில் கிளம்பிவிடும். காரணம் 1886-ல் அமெரிக்கா இயற்றிய சட்டம். வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல், நடுவில் வேற்றுநாட்டுத் துறைமுகம் எதையும் தொடாமல் அமெரிக்கத் துறைமுகங்களுக்கு இடையே மட்டும் பயணிகளை ஏற்றிச் செல்லக் கூடாது. பெரிய உல்லாசக் கப்பல்கள் பெரும்பாலும் பஹாமாஸ், பனாமா, மால்டா கொடிகளின் கீழ் ஓடுபவை. ஆக, விக்டோரியாவின் பூந்தோட்டத்தை இருட்டில் பார்த்துவிட்டு வரும் பயணி, ஒரு சட்டப்பிரிவைக் கடைப்பிடித்துவிட்டு வருகிறார்.

கிளேசியர் பே தேசியப் பூங்காவில் ஒரு நாளைக்கு இரண்டு பெரிய கப்பலுக்குத்தான் அனுமதி. வெளியூரிலிருந்து சாலையே இல்லாத ஜூனோ நகரம், 2024 முதல் ஒரு நாளில் ஐந்து பெரிய கப்பலுக்கு மேல் வேண்டாம் என்று கம்பெனிகளோடு ஒப்பந்தம் செய்துகொண்டது.

முல்லை: நார்வே

முல்லைக்குப் பெரும்பொழுது கார்காலம். பெர்கன் நகரில் ஆண்டுக்கு 200 நாளுக்கு மேல் மழை பெய்வதால் இலக்கணம் பிசகாமல் பொருந்துகிறது. மலையிடுக்கில் கடல் நுழையும் ஃபியோர்டுகளின் இருபுறச் சரிவுகளிலும் காடு உண்டு. கெய்ராங்கர் ஃபியோர்டு 2005 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். இத்தகைய பாரம்பரிய ஃபியோர்டுகளுக்குள் 10,000 டன்னுக்குக் குறைந்த பயணிக் கப்பல்கள் 2026 முதல் புகையில்லாமல்தான் வரவேண்டும். பெரிய கப்பல்களுக்கு 2032 வரை தவணை. சின்னப் பிள்ளையை முதலில் கண்டிக்கும் வழக்கம் நார்வேயிலும் உண்டு என்பது இதனால் பெறப்படும்.

முல்லையின் உரிப்பொருள் இருத்தல், அதாவது ஆற்றியிருத்தல். இதற்கு உதாரணம் நார்வேயில் கிடைக்கவில்லை. வட அயர்லாந்தில் கிடைத்தது. வருடக்கணக்கில் உலகைச் சுற்றவென்று வாங்கிய 'வில்லா வீ ஒடிசி' கப்பல், 2024 மே மாதம் பெல்ஃபாஸ்ட்டில் பழுதுபார்க்கப் போய், சுக்கான் முதலான கோளாறுகளால் செப்டம்பர் கடைசிவரை அங்கேயே நின்றது. வீட்டை விற்றுவிட்டு வந்தவர்கள் பகலில் கப்பலுக்கு வந்து சாப்பிட்டு, இரவில் கரையில் தூங்கிக் காத்திருந்தார்கள். அப்படிக் காத்திருந்த இருவர் தங்களுக்குள் நிச்சயம் செய்துகொண்டார்கள். திணைமயக்கத்துக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுமா?

மருதம்: மத்தியதரைக் கடல்

ஊரும் ஊர் சார்ந்த இடமும். ஊர் சார்ந்த இடம் என்பதை அழுத்திப் படிக்க வேண்டும். பயணத் திட்டத்தில் 'ரோம்' என்றிருந்தால் கப்பல் நிற்பது சிவிட்டாவெக்கியாவில்; ரோம் அங்கிருந்து சுமார் 70 கிலோமீட்டர். இக்கடலுக்கு வெளியேயும் இதே கதைதான்: 'பாரிஸ்' என்றால் லே ஹாவ்ர், சுமார் 200 கிலோமீட்டர். 'வெனிஸ்' என்று போட்டுவிட்டு ரவென்னாவில் இறக்கி, பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூட்டிப்போவதும் உண்டு.

மருதத்தின் உரிப்பொருள் ஊடல். தலைவி, வெனிஸ். புறத்தொழுக்கத்தில் திரிந்து, மேலுக்கு மினுக்கிக்கொண்டு வந்து நிற்கும் தலைவன், கப்பல். 2019 ஜூன் 2 அன்று 'எம்எஸ்சி ஓபரா' வெனிஸின் ஜுடெக்கா கால்வாயில் கட்டுப்பாடு இழந்து, கரையையும் அங்கே நின்ற சுற்றுலாப் படகையும் இடித்தது. ஊடல் முற்றியது. 2021 ஆகஸ்ட் 1 முதல் 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களுக்கு அந்த வழியில் கதவு சாத்தப்பட்டது. கிரேக்கத் தீவான சாண்டோரினி கதவைச் சாத்தவில்லை. 2025 ஜூலை முதல் கோடைக்கால நெரிசலில் தலைக்கு 20 யூரோ வாங்கிக்கொண்டு திறக்கிறது.

மருதத்தில் தூது போகும் பாணனைத் தலைவி நம்புவதில்லை. இக்காலப் பாணர் டிராவல் ஏஜென்ட். "சார், வெனிஸ்தான் சார், பக்கத்துல" என்று அவர் சொல்லும்போது வரைபடத்தை விரித்துவைத்துக்கொள்வது நலம்.

நெய்தல்: கரீபியன்

சிறுபொழுது எற்பாடு. மயாமியில் கப்பல்கள் பிற்பகல் சாயும் வேளையில் கிளம்புவதும் அதனாலேயே. 2024 ஜனவரியில் இங்கிருந்து முதல் பயணம் போன 'ஐகான் ஆஃப் தி சீஸ்' 365 மீட்டர் நீளம், 20 தளம், 2,48,663 டன். டைட்டானிக்கைப் போல ஐந்து மடங்குக்கும் மேல். அறைக்கு இருவர் என்று கணக்கிட்டால் 5,610 பேர். நீச்சல் குளங்கள் மட்டும் ஏழு. கடலும் கடல் சார்ந்த இடமுமான நெய்தல், கடல் தேவைப்படாத இடமாகத் திரிந்தது இங்கேதான். இக்கப்பலின் கம்பெனி தன் வசம் வைத்திருக்கும் பஹாமாஸ் தீவான கோக்கோகேயில் கப்பல் நின்றால், இறங்கிப் பார்க்க ஊர் எதுவும் இல்லை. 41 மீட்டர் உயரச் சறுக்கு ஒன்று இருக்கிறது.

கருப்பொருள் பற்றிய ஓர் அவதானிப்பு. விடிகாலை ஆறரை மணிக்கு நீச்சல்குளத் தளத்துக்கு ஒருவர் வருகிறார். நான்கு சாய்வு நாற்காலிகளைத் தேர்கிறார். ஒன்றில் துண்டு, ஒன்றில் தொப்பி, ஒன்றில் பாதி படித்த நாவல், நான்காவதற்குப் பொருள் தீர்ந்துபோய் ஒரு கால் செருப்பு. பிறகு மற்றொரு காலில் மட்டும் செருப்போடு காலைச் சாப்பாட்டுக்குப் போய்விடுகிறார். பத்து மணிவரை அந்த நாற்காலிகளில் வெயில் மட்டுமே உட்கார்ந்திருக்கிறது. ரயிலில் கைக்குட்டை போட்டு சீட் பிடித்து வளர்ந்த இனத்தார்க்கு இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

உரிப்பொருள் இரங்கல். இது கடைசி நாள் காலையில் நிகழும். கப்பலுக்குள் பணம் கைமாறுவதில்லை. அறைக் கதவைத் திறக்கும் அட்டையே பர்ஸ். மதுபானம், வைஃபை, தனி ரெஸ்டாரண்ட், நாளொன்றுக்குத் தலைக்கு இவ்வளவு என்று தானாக ஏறும் டிப்ஸ், எல்லாம் சேர்ந்து ஒரே பில்லாக வருகிறது. தலைவன் அதைப் படிக்க, தலைவி கடலைப் பார்ப்பாள்.

ஜூன் முதல் நவம்பர் வரை புயல் பருவம்; ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபரில் உச்சம். சீட்டு மலிவாகக் கிடைப்பதும் அப்போதே. பொடி எழுத்து ஒப்பந்தத்தில் கப்பல் பாதையை மாற்றும் உரிமை கம்பெனிக்கு உண்டு என்பதால், மேற்குக் கரீபியனுக்குப் பணம் கட்டிக் கிழக்கு கரீபியனைப் பார்த்தவர்கள் உண்டு.

பாலை: அண்டார்க்டிகா

பாலைக்குத் தனி நிலம் இல்லை என்பது மரபு. அண்டார்க்டிகாவும் எந்த நாட்டின் நிலமாகவும் ஏற்கப்படவில்லை. மழையும் பனிப்பொழிவும் மிகக் குறைவென்பதால் புவியியலாரும் அதைப் பாலைவனம் என்றே வகைப்படுத்துவர். உரையாசிரியர்கள் காணாத இந்தப் பொருத்தத்தை இவ்வாய்வு பணிவுடன் சுட்டுகிறது. பெரும்பொழுது வேனில், தென் அரைக்கோளத்தில் அது நவம்பர் முதல் மார்ச் வரை.

1966-ல் லார்ஸ்-எரிக் லிண்ட்பிளாட் சுற்றுலாப் பயணிகளை இங்கே அழைத்துவந்தார். இன்று பெரும்பாலோர் அர்ஜென்டினாவின் உஷுவாயாவில் கப்பலேறி, சுமார் 800 கிலோமீட்டர் அகலமுள்ள டிரேக் நீரிணையை இரண்டு நாளில் கடக்கிறார்கள். 500 பேருக்கு மேல் ஏற்றிய கப்பல் யாரையும் கரையில் இறக்க முடியாது. ஓரிடத்தில் ஒரே நேரத்தில் 100 பேருக்கு மேல் நிற்கவும் கூடாது. ஆகவே காலைத் தரையில் வைக்க விரும்புவோர் சிறிய கப்பலைத் தேட வேண்டும். சிறிய கப்பலுக்கு விலை பெரிது. உரிப்பொருளான பிரிதல், சேமிப்புக் கணக்கில் நிகழ்கிறது. வீட்டில் செவிலித்தாய் புலம்பும் துறையும் தவறாமல் அமையும்: "குத்தாலத்துக்கே ஸ்வெட்டர் போடாம போனவன், அங்க போய் என்ன பண்றானோ!"

கைக்கிளையும் பெருந்திணையும்

ஒருதலைக் காமம் கைக்கிளை. 2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கொடியசைக்க, கார்டிலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' புறப்பட்டது. விசாகப்பட்டினம் போய்விட்டுப் புதுச்சேரிக்கு வருவது திட்டம். கப்பலில் சூதாட்ட வசதி உண்டென்று எதிர்ப்புக் கிளம்ப, புதுச்சேரி அரசு அனுமதி தரவில்லை. கப்பல் தொலைவில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பியது. அடுத்த ஆண்டு ஜூனில் அதே கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை வரை போய்வந்தது. தலைவனுக்குப் பக்கத்து ஊரைவிட அக்கரை இணக்கமாக இருந்தது.

பொருந்தாக் காமம் பெருந்திணை. பஸ்ஸில் ஜன்னலோரம் கேட்டு எலுமிச்சம்பழத்தோடு ஏறுகிறவர் கப்பலின் உச்சித் தளத்தில், முன்மூலையில், பால்கனி அறை எடுப்பது இதன்பாற்படும். கப்பல் ஆடும்போது அதிகம் ஆடுவது மேலேயும் முனையிலும். நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் ஆட்டம் குறைவு. அறையின் விலையும் பெரும்பாலும் குறைவு.

எஞ்சிய உரிமை

கடலைப் பிறர் முடிவு செய்துவிட்டபின் பயணிக்கு எஞ்சுவது அறை. தேர்வியல் இங்கே தன் முழு ஆற்றலையும் காட்டலாம். கப்பலின் தள வரைபடத்தில் தம் அறைக்கு நேர் மேலே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். நீச்சல்குளத் தளமாக இருந்தால் விடியுமுன் நாற்காலி இழுக்கும் ஓசையோடு நாள் தொடங்கும். 'பார்வை மறைக்கப்பட்டது' என்று சிறிய எழுத்தில் இருந்தால் ஜன்னலுக்கு வெளியே ஆரஞ்சு நிற உயிர்காப்புப் படகு தொங்கும். ஜன்னலே இல்லாத உள்ளறையோரும் கைவிடப்படவில்லை. 2011-ல் வந்த 'டிஸ்னி ட்ரீம்' கப்பலின் உள்ளறைகளில் ஜன்னல் வடிவில் வட்டத் திரை வைத்து, வெளிக் காமிரா காட்டும் கடலை அப்படியே ஓடவிட்டார்கள். நடுநடுவே கார்ட்டூன் பாத்திரங்களும் மிதந்து போகும். நிஜக் கடலில் இந்த வசதி இல்லை.

மேலாய்வுக்கு உரியவை

ஒன்று: பல கப்பல்களில் 13-ஆம் தளம் கிடையாது. இத்தாலிய மரபில் வந்த எம்எஸ்சி கப்பல்களில் 13 உண்டு, 17 கிடையாது. 13 இல்லாத கப்பலின் 14-ஆம் தளத்தில் தூங்குகிறவருக்கு வரும் கெட்ட கனவு எந்தத் தளத்தின் கணக்கில் சேரும்?

இரண்டு: செருப்பு வைத்துப் பிடித்த நாற்காலியின் மீதான உரிமை எத்தனை நாழிகை செல்லும்? ஒரு கால் செருப்புக்கும் இரு கால் செருப்புக்கும் சட்டத்தில் வேறுபாடு உண்டா?

மூன்று: இரவுச் சாப்பாடு முடித்து, நாடகம் பார்த்து, பதினொன்றரை மணிக்குப் பஃபே வரிசையில் மறுபடி நிற்பவரின் நிலை எண்வகை மெய்ப்பாடுகளுள் எதில் அடங்கும்? கட்டிய காசுக்குச் சாப்பிடுவதால் பெருமிதம் என்பர் ஒரு சாரார். தட்டின் உயரத்தைப் பின்னால் நின்று பார்த்தவர்கள் மருட்கை என்பர்.