துடைப்பமும் துடுப்பும்: ஆற்றங்கரை ஓய்வு குறித்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

சாத்தாங்காட்டில் குடியிருக்கும் ஒரு குடும்பம், ஆடி ஞாயிறு அன்று எண்ணூர் காட்டுக்குப்பத்து அத்தை வீட்டுக்கு ஓய்வெடுக்கப் போனால் வேலை குறைகிறதா, கை மாறுகிறதா? ஒரு நாள், ஒரு வீடு, ஒரு படகு, இரண்டு துடுப்பு ஆகியவற்றைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. ஆய்வாளர் எந்த வேலையிலும் கை வைக்காததால் நடுநிலை முழுமையாகக் காக்கப்பட்டது.

1. முன்னோர் செய்தவை

எண்ணூருக்கு ஓய்வெடுக்கப் போகும் வழக்கத்தை எங்கள் வீட்டார் கண்டுபிடிக்கவில்லை. கும்பெனிக் காலத்துத் துரைமார்கள் கழிமுகத்தில் படகு விடவும் மீன் தின்னவும் அங்கே போய்வந்தார்கள். பாசில் கொக்ரேன் என்பவர் வெட்டிய கால்வாய் 1806இல் சென்னையை எண்ணூரோடு 11 மைல் தூரத்துக்கு இணைத்தது. பிறகு 1877-78 தாது வருஷப் பஞ்சத்தில், பசித்து வந்தவர்களைக் கூலிக்கு மண் வெட்டவைத்து, கூவத்தையும் அடையாற்றையும் சேர்த்தார்கள். கால்வாய்க்கு ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் வந்தது. வெட்டியவர்கள் பெயரை வைக்க எண்ணியிருந்தாலும் பலகை போதாது, அத்தனை பேர்.

காற்று வீசாத நாளில் அந்தப் படகுகளைக் கரையிலிருந்து ஆட்கள் கயிறு கட்டி இழுத்தார்கள். இதிலிருந்து ஆய்வாளர் வகுக்கும் முதல் விதி: படகில் ஒருவர் சாய்ந்திருந்தால் கரையில் ஒருவர் குனிந்திருப்பார்.

அதே கால்வாய் எங்கள் சாத்தாங்காட்டை ஒட்டித்தான் இன்றும் கிடக்கிறது. நீர் கறுப்பு, படகு இல்லை. ஆகவே ஆய்வுக் குழு கன்டெய்னர் லாரிகளின் வரிசைக்கு இடையே, எர்ணாவூர் வழியாக ஷேர் ஆட்டோவில் பயணித்தது.

2. ஆய்வுக் களம்

கொசஸ்தலை ஆறு கடலில் சேருவதற்குச் சற்று முன்னால், காட்டுக்குப்பத்தில் அத்தை வீடு. சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டின் தகடு ஓசையை வாரம் முழுக்கக் கேட்கும் எங்களுக்கு அது ஓய்வில்லம். அங்கேயே குடியிருக்கும் அத்தைக்கு அது வீடு. இந்த வேறுபாட்டை முந்தைய ஆய்வாளர்கள் யாரும் (அப்பா, பெரியப்பா) கவனிக்கவில்லை.

3. சொல்லாராய்ச்சி

துடுப்பு என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று படகு தள்ளுவது. மற்றது கூழ் கிண்டும் மரக்கரண்டி. வடிவில் இரண்டும் அக்கா தங்கை. ஒன்று தண்ணீரை விலக்கும். மற்றது கட்டி தட்டாமல் காக்கும். முதலாவதைக் கொஞ்ச நேரம் நிறுத்தினால் படகு மிதந்துகொண்டிருக்கும். இரண்டாவதை நிறுத்தினால் அடிப்பிடிக்கும். எது கடினமான பணி என்பதற்கு இதுவே போதிய சான்று.

ஆய்வு என்ற சொல்லும் அப்படியே. அத்தை முருங்கைக்கீரை ஆய்ந்தார். அம்மா மீன் ஆய்ந்தார். ஆய்வாளர் அவர்கள் ஆய்வதை ஆய்ந்தார். மூவரில் கையில் செதில் ஒட்டாதவர் ஒருவரே. கட்டுரை எழுதியவரும் அவரே.

4. கண்டவை

காலை: அத்தை கூட்டினார். வந்ததும் அம்மா மறுபடி கூட்டினார். வந்த வீட்டில் விருந்தாளி பெருக்குவது உதவியா, விமர்சனமா என்பது தனி ஆய்வுக்குரியது. முன்தினமே கரைத்துப் புளிக்கவைத்த கேழ்வரகு மாவு, நொய் வெந்த பானையில் இறங்கியது. ஆண்கள் பானையைப் பார்த்து, “இன்னும் நேரமாகுமா?” என்று கேட்டுத் தம் பங்கை ஆற்றினர்.

நண்பகல்: அத்தை மகன் ஃபைபர் படகை அவிழ்த்தான். அதன் வயிற்றில் கறுப்பாக ஒரு கோடு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து இறங்கிய எண்ணெய் போட்ட கையெழுத்து அது. எத்தனை நாள் தேய்த்தான் என்று கேட்டேன். “தேய்ச்சது படகை மட்டுமா? வலை, கை, கால் எல்லாந்தான்” என்றான்.

அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகளைப் பார்த்தபடி மிதந்தோம். பிள்ளைகள் தண்ணீரில் கை விட்டார்கள். ஓரிடத்தில் வெதுவெதுப்பாக இருந்தது. “வெந்நீர்!” என்று கூவினார்கள். மின் நிலையம் கழித்துவிட்ட நீர் என்று சொல்லி அவர்கள் மகிழ்ச்சியைக் கெடுக்கவில்லை. பிறகு படகு தரை தட்டியது. ஆற்றடியில் படிந்த சாம்பல். அத்தை மகன் இடுப்பளவு இறங்கித் தள்ளினான். நாங்கள் படகிலேயே உட்கார்ந்து, “அப்படித்தான்” என்றோம். முதல் விதி மீண்டும் நிரூபணமாயிற்று.

மாலை: கூழ், கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரை. சுவையை அளக்கக் கருவி இல்லை. நான்கு சொம்பு என்பதே அளவு. பிறகு பாத்திரங்கள். அப்பா திண்ணையில் கண்ணயர்ந்தபடி, “இங்க வந்தாத்தான் நிம்மதி” என்றார். உள்ளே பானை சுரண்டும் சத்தம் அதற்குப் பின்னணி.

5. விவாதம்

ஆற்றலைப் போலவே ஓய்வையும் ஆக்க முடியாது, அழிக்க முடியாது. ஒருவரிடமிருந்து எடுத்து இன்னொருவருக்குத்தான் தர முடியும். துரை படகில் போனபோதும் இதுவே. அப்பா திண்ணையில் சாய்ந்தபோதும் இதுவே. துரைக்குக் கயிறு இழுத்தவர் கூலியாவது கேட்டிருப்பார்.

புறப்படும்போது அத்தை, “படகுல போனது எப்டி இருந்துச்சு கண்ணு?” என்று கேட்டார். நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு, “நீங்க கடைசியா எப்ப போனீங்க அத்தை?” என்றேன். ஆற்றைப் பார்த்தே வாழ்ந்தவர், விரல் விட்டு எண்ணப் பார்த்தார். விரலில் சாம்பல் ஒட்டியிருந்தது. எண்ணுவதை விட்டுவிட்டுச் சிரித்தார்.

6. மேலாய்வுக்கான பரிந்துரை

அடுத்த ஆடியில் துடுப்புகளை மாற்றிக் கொடுத்துப் பார்க்க வேண்டும். அத்தையும் அம்மாவும் படகில், ஆய்வாளர் அடுப்படியில். இதை அத்தையிடம் முன்வைத்தபோது, “நீ கிண்டினா கூழு கட்டி கட்டிப்பூடும்” என்றார்.

வலுவான கருதுகோள்தான். சோதிக்காமல் ஏற்பது ஆய்வு நெறியாகாது.