ரோகுவுக்கும் தொப்பையா?

கேள்வி: ஆந்திராவிலிருந்து வரும் ரோகுவை வெட்டினால் வயிற்றில் கொழுப்பு மொத்தையாக இருக்கிறதே, மீனும் டயட் இருக்க வேண்டுமா?
(வாசகி, கிங்ஸ் சர்க்கிள், மும்பை)

பதில்: அவசியம் இருக்க வேண்டும் அம்மா! கொல்லேறு ஏரிப் பக்கத்துக் குளங்களில் ஓட்டை போட்ட பைகளில் தவிடும் புண்ணாக்கும் கட்டித் தொங்கவிடுவார்கள். கல்யாணப் பந்தி மாதிரி, வேண்டியபோது வந்து கொத்திக்கொள்ளலாம். ஆனால் மாவுச்சத்தைச் சமாளிப்பதில் மீன் நம்மைவிட மந்தம். ரத்தத்தில் ஏறிய சர்க்கரை லேசில் இறங்காது. மிஞ்சியதைக் கல்லீரல் கொழுப்பாக்கி, தன்னிடம் கொஞ்சமும் குடலைச் சுற்றி மீதியுமாகச் சேர்த்துவிடும். புரதம் போதாத தீனி என்றால் சதை வளர்வதற்கு முன் தொப்பை வளரும்.

பிடிப்பதற்கு முன் ஓரிரு நாள் பட்டினி போட்டால் குடல்தான் காலியாகும், கொழுப்பு கரையாது. அதற்கு வாரக்கணக்கில் பட்டினி வேண்டும், எடையும் குறையும். எந்தப் பண்ணைக்காரர் சம்மதிப்பார்?

கொழுப்பின் குணத்தையும் தீனிதான் தீர்மானிக்கிறது. கடல் மத்திக்கு ஒமேகா-3 நுண்பாசியிலிருந்து வருகிறது. ரோகு ஓரளவு தானே தயாரித்துக்கொள்ளும். தவிட்டிலோ அதற்கான மூலப்பொருள் சொற்பம். நார்வே சால்மனுக்கும் மீனெண்ணெயைக் குறைத்துத் தாவர எண்ணெய் கொடுத்ததில் ஒமேகா-3 இறங்கியது.

சேற்று வாடை தரும் ஜியோஸ்மினும் கொழுப்பில்தான் தங்கும். கடைக்காரரிடம் வயிற்றுக் கொழுப்பை முழுக்க வழித்தெடுத்துத் தரச் சொல்லுங்கள்.