தட்டுத் துடைப்பியல்: ஒரு சூத்திரமும் உரையும்

துடைப்பது துகளை வெளியேற் றிடினே
தட்டிற்கு நன்றாம், தள்ளிவைத் திடினே
கெட்டது துடைத்தவன் கேள்வியும் பொருளும்.

என்பது சூத்திரம்.

என் நுதலிற்றோ எனின், வினைல் இசைத்தட்டைத் துடைக்கும் கருவிகள் ஒலியைக் காக்குமா கெடுக்குமா என்னும் ஐயத்தை அறுத்தல் நுதலிற்று.

இதன் பொருள்: தூசு தட்டை விட்டு வெளியேறினால் நன்மை, உள்ளேயே இடம் மாறினால் காதுக்கும் கேடு, காசுக்கும் கேடு என்றவாறு.

இத்தனை சிறிய தூசுக்கு இத்தனை பெரிய உரை எதற்கு எனின், கூறுதும். 1948இல் கொலம்பியா நிறுவனம் அமெரிக்காவில் வெளியிட்ட நீள் இசைத்தட்டில் பள்ளத்தின் அகலம் ஏறக்குறைய 0.05 மில்லிமீட்டர். அதற்குள் ஓடும் முள்ளுக்குத் தூசு சிறியதன்று. மோதியதும் 'டிக்' என்று புகார் சொல்லும்.

அற்றேல், வேட்டி நுனியால் துடைத்தால் போதாதோ எனின், போதாது. உலர்ந்த துணியால் தேய்த்தால் வினைலில் நிலைமின்சாரம் ஏறும்; பிறகு அறையில் சும்மா திரிந்த தூசும் அழைப்பு வந்ததுபோல் வந்து ஒட்டும்.

இனி உலர்வாதி கூறுவது: 1950களில் இங்கிலாந்தின் செசில் வாட்ஸ் 'டஸ்ட் பக்' செய்தார், தட்டு சுழலும்போதே ஒரு சிறு கை தூரிகையையும் உருளையையும் தாங்கிப் பள்ளத்தைப் பெருக்கியபடி நகரும், இதனினும் எளிது உண்டோ என்பது. அது பொருந்தும், தூரிகையையும் ஒருவர் துடைப்பாராயின். துடையாதவர் நேற்றைய தட்டின் அழுக்கை இன்றைய தட்டுக்குச் சீதனமாகக் கொடுப்பார்.

ஈரவாதி கூறுவது: லென்கோகிளீன் என்னும் கருவியைப் போல, தட்டை நனைத்துக்கொண்டே இசைத்தால் கரகரப்பு அடங்கும் என்பது. அடங்கும், ஈரம் உள்ளவரை. நீர்மம் காய்ந்ததும் கரைந்த அழுக்கு பள்ளத்தின் அடியில் படிந்துவிடும்; அடுத்தமுறை உலர்வாக இசைத்தால் முன்னினும் கரகரக்கும். எனவே ஒருமுறை நனைந்த தட்டை ஒவ்வொரு முறையும் நனைக்க வேண்டியதாகும். இதைத் துப்புரவு என்பதா, தீராத வழக்கம் என்பதா?

இருவரையும் மறுத்து நிற்பது தட்டைக் கழுவும் கீத் மாங்க்ஸ் பொறி. 1960களின் இறுதியில் பிபிசி ஒலிபரப்புக் கழகத்திலும் புகுந்தது அது. கழுவிய நீரை அழுக்கோடு உறிஞ்சி எடுத்துவிடும். உறிஞ்சுகுழல் தட்டில் படாதபடி இடையே ஒரு நூல். அந்த நூலும் நகர்ந்துகொண்டே இருப்பதால் அழுக்கான இடம் மறுபடி தட்டைத் தொடாது. சூத்திரத்தில் 'வெளியேற்றிடினே' என்றது இதனை நோக்கி என்க.

புறனடை: 78 சுழற்சி அரக்குத் தட்டுக்கு ஆல்கஹால் கலந்த நீர்மம் ஆகாது. அரக்கு அதில் கரையும். தூசு போகும்போது பாட்டையும் கூட்டிக்கொண்டு போய்விடும்.

ஆதலின், துடைப்பான் வாங்கப் போகும் அன்பர் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: "இது எடுக்கிற தூசு எங்கே போகும்?" நேரான விடை வராவிட்டால் அந்தக் காசுக்கு இன்னொரு இசைத்தட்டு வாங்கிக்கொள்க, இசைத்து முடித்ததும் உறையில் போட்டு வைக்க.